இது ஆருக்கு?

அத்தானுக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கதிரையில் இருந்தால் முழங்கால் ஆடும். முழங்காலை அக்கா பிடித்து நிறுத்தினால் விரல் மேசையைத் தட்டும். சோறு போட்டு வைத்தால் ஒரு பிடி வாய்க்குள் போகும். அடுத்த பிடிக்கு முதல் எழும்பிப் போய் யன்னல் கொளுக்கியை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். "மருமகன் சோறு தின்னுறாரா, சோத்துக்குக் காவல் நிக்கிறாரா?" என்று அம்மா அடுக்களைக்குள் இருந்து கேட்பார். அவருடைய காதில் விழட்டும் என்றுதான் கேட்பார். எனக்கும் எரிச்சல்தான். பக்கத்தில் ஓர் ஆள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால் சும்மா இருக்கிற நமக்கும் களைக்கிறது.

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீடு ஆற்றுப் பக்கம். ஆறு என்று நாங்கள் சொல்வது வாவியைத்தான். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குச் சேரும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அத்தான் உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். தலையணைகளுக்கு நடுவில் வைத்து, ஓட்டோக்காரனை மெதுவாகப் போ மெதுவாகப் போ என்று கரைச்சல்படுத்தி, பக்குவமாகக் கொண்டுவந்து இறக்கியது ஒரு பழைய கொம்பியூட்டரை. அன்றைக்கு அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வந்த கிழமையே வீட்டைத் துப்பரவாக்கத் தொடங்கினார். அலுமாரிக்கு மேல் கிடந்தது, கட்டிலுக்கடியில் கிடந்தது, கிணற்றடியில் கிடந்தது என்று ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிவார்.

"இது ஆருக்கு?"

எறிவதற்கு முதல் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அம்மாவிடம் கேட்பார், அக்காவிடம் கேட்பார், என்னிடமும் கேட்பார். ஒருவரும் 'எனக்கு' என்று சொல்லாவிட்டால்தான் அது குப்பைக்குப் போகும். ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். தூசு துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார்.

ஒருநாள் பல்லுப்போன திருவலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் தேங்காய் திருவினால் தேங்காய்க்கு ஒன்றும் ஆகாது.

"இது ஆருக்கு மாமி?"

"எனக்கு. இரிக்கட்டும்."

"இதால என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டது நான்.

"உனக்கென்ன கா? இரிக்கட்டும் எண்டா இரிக்கட்டும்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் திருவலையைக் கழுவிக் காயவைத்து அடுக்களை மூலையில் கொண்டுபோய் வைத்தார். அம்மாவுக்கு அந்தத் திருவலையில் ஒரு பற்றும் கிடையாது. வந்து கொஞ்ச நாளேயான மருமகனிடம் தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சந்தைக்குப் பக்கத்தில் அத்தானுக்கு ஒரு கொமினிகேசன் இருந்தது. கட்டாருக்கும் சவூதிக்கும் கோல் எடுக்கிற, போட்டோகொப்பி அடிக்கிற கடைகளை அந்த நாளில் அப்படித்தான் சொல்வோம். ஏ லெவல் சோதனை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைக் காசு மேசையில் இருத்தினார். கண்ணாடிக் கூண்டுக்குள் பெண்கள் புருசன்மாரோடு கதைத்து அழுவார்கள். வெளியே மற்றவர்கள் முறைக்கு நின்று கேட்காத மாதிரிக் கேட்பார்கள். அத்தான் பின்பக்கம் அங்கே வைத்திருந்த இன்னொரு கொம்பியூட்டருக்கும் கடை வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பார்.

அவர் அதில் என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அரை நாள் சொன்னார். அரை நாளில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

"சுவிச்சை அமத்தின உடன இதுக்கு ஒண்டும் தெரியா புள்ள. மயக்கம் தெளிஞ்சு எழும்புற ஆள் மாதிரி. தான் ஆரு, எங்க கிடக்கிறன், கை கால் இரிக்கா எண்டு ஒண்டும் தெரியா. அந்த நேரம் அதுக்குச் சொல்லிக் குடுத்து எழுப்பிவிடக் கொஞ்ச வரிகள் இரிக்கு. அதுக்குப் பேர் பூட் கோட். அதைத்தான் நான் ஒதுக்கித் துப்பரவாக்கிறன்."

உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம் என்று விட்டிருந்த ஓர் இயங்குதளம் அது. அதன் அடிமடியில் இருந்தன அந்த வரிகள். பலபேர் பல வருசமாக ஒன்றின்மேல் ஒன்றாக எழுதிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எப்போதோ விற்ற ஒரு மெசினுக்காக ஒரு வரி, அந்த மெசினில் இருந்த ஒரு பிழைக்காக இன்னொரு வரி. மெசினும் போய்விட்டது, எழுதியவரும் போய்விட்டார், வரி மட்டும் கிடந்தது. அத்தான் அப்படி ஒரு வரியைக் கண்டுபிடித்தால் ஈமெயிலில் எல்லோருக்கும் எழுதிக் கேட்பார். என்ன கேட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒருவரும் பதில் போடாவிட்டால் எடுத்துவிடலாம் என்று திருத்தம் அனுப்புவார். ஒருமுறை எங்கேயோ குளிர் நாட்டிலிருந்து ஒரு மனிசன், அந்த மெசின் தன் வீட்டு நிலவறையில் இன்னும் ஓடுகிறது, வரியை எடுக்கவேண்டாம் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அத்தானுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்துக் கூண்டுக்குள் நின்ற பெண் கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

"உலகத்தில ஒரு ஆள்தானே அத்தான்," என்றேன்.

"ஒரு ஆள் போதும் புள்ள."

இதற்கெல்லாம் அவருக்கு ஒருவரும் ஒரு சதம் கொடுக்கவில்லை.

அந்த இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குப் பெயர் கேர்னல். கேர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கிற பருப்பு. அத்தான் அவசரத்தில் சொல்லும்போது 'ர்' விழுங்கிப்போகும், கேட்பவர் காதில் கேணல் என்றுதான் விழும். எங்கள் பக்கத்தில் இயக்கம் இரண்டாக உடைந்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சனம் வாயை மூடிக்கொண்டிருந்த காலம். கேணல் என்றால் இயக்கத்துப் பெரிய தளபதியின் பட்டம்; அந்தச் சொல்லைப் பகிடிக்கும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இந்த மனிசன் கடை வாசலில் நின்று, "கேணலில ஒரு பிழை கிடக்கு, இண்டைக்கு எடுத்துப்போடுவன்," என்பார். பக்கத்துப் பேக்கரிக்காரர் தட்டியை இழுத்து விட்டுவிடுவார்.

"உங்கட அத்தான் கேணலுக்குச் சப்பாத்துத் துடைக்கிறாராமே?" என்று அவர் ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். பூட் என்றதையும் கேணல் என்றதையும் சேர்த்து அவர் செய்த கணக்கு அது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் சொன்னபோது அக்காவும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா தையல்காரி. அத்தானின் வேலை அவளுக்கு என்னைவிட விளங்கவில்லை, ஆனால் அவர் கதைக்கும்போது மெசினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு பின்னேரம் அவர் ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த வரி ஒரு வாசலைப் போய்த் தட்டுகிறது, அந்த வாசலில் ஆளில்லை, பதிலும் வராது. தட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

"ஆளில்லாத வீட்டுக் கதவ எதுக்குத் தட்டுறாங்க? விசர் வேலை," என்று விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "வயல் வட்டைக்குள்ள இரிக்கிற எங்கட காவல் வாடிக் கதவ, அப்பா உசிரோட இரிக்கிற காலத்தில தட்டிப்போட்டுத்தானே திறக்கிறவர். உள்ளுக்கு ஆரு இரிக்கா? ஒருத்தரும் இல்ல. பாம்பு கீம்பு கிடந்தா விலகிப் போக நேரம் குடுக்கிறது."

அத்தான் நின்றுவிட்டார். அதுவே அதிசயம். பிறகு தேடிப் பார்த்து, அக்கா சொன்னதுபோலத்தான் என்று வந்து சொன்னார். பழைய மெசின்களில் சில துண்டுகள் மெதுவானவையாம். அடுத்தடுத்துக் கட்டளை போட்டால் திணறிப்போகுமாம். தட்டிவிட்டு வருகிற அந்த இம்மியளவு நேரம்தான் அவை மூச்சு விடுகிற நேரமாம். அதற்குப் பிறகு அக்கா, அம்மாவும் நானும் படுக்கிற அறைக்குள் வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டு, "பாம்பு விலகிட்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள்.

கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தைத்து முடித்த ஒரு மஞ்சள் சட்டையைக் கொடுக்கக் கடற்கரைப் பக்கம் போனாள். கலியாண வீடொன்றுக்கு உடுக்கிற சட்டை, இன்றைக்கே வேண்டும் என்று தைக்கக் கொடுத்த பெண் சொல்லியிருந்தாளாம். நானும் அத்தானும் கடையில் இருந்தோம். சனம் கத்திக்கொண்டு ஆற்றுப் பக்கமாக ஓடி வந்தது. அத்தான் அத்தனை பேருக்கும் எதிராக, கடல் பக்கமாக ஓடினார்.

அக்கா கிடைக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சட்டை கொடுக்கப்போன வீட்டில் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது, கழுவித் துடைத்த மாதிரி. எனக்கு அந்த நாட்கள் ஒழுங்காக ஞாபகம் இல்லை. அழுதது ஞாபகம். அம்மா அழாமல் இருந்ததைப் பார்த்துப் பயந்தது ஞாபகம்.

அத்தான் அழவில்லை, துப்பரவாக்கினார். இடிபாட்டை வழிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "கேட்டுப்போட்டுத்தான் எடுக்கலாம்," என்றார். ஓட்டிய பொடியன் சிங்களம், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்திவிட்டான். அத்தான் உள்ளே இறங்கி ஒவ்வொரு சாமானாக இழுத்தெடுத்தார். சட்டி, ஒற்றைக் கதவு, சைக்கிள் மணி, பாடசாலைப் பை. எல்லாவற்றையும் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மரத்தடியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இது ஆருக்கு?"

சிலர் ஓடிவந்து வாங்கினார்கள். சிலர் தங்கள் சாமானைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் எழும்பி வந்து ஒரு பெரிய சோற்றுப்பானையைத் தன்னுடையது என்றாள். அவள் அந்தப் பானை கிடந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள், அது அவளுடையதல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அது அவட பானை இல்ல அத்தான்," என்று காதுக்குள் சொன்னேன்.

"எனக்கு எண்டு சொன்னா. போதும்," என்று கொடுத்துவிட்டார்.

அவர் அந்தக் குவியலுக்குள் தேடியது ஒரு மஞ்சள் சட்டையை. அது எனக்குத் தெரியும். அது வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் தட்டத் தொடங்கினார். எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டுவதில்லை, அகலத் திறந்துதான் கிடக்கும். கடையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கொஞ்சம் நிற்பார். பிறகு உள்ளே வருவார். ஒவ்வொரு நாளும் இதுதான். தட்டுக் கேட்டால் அடுக்களைக்குள் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். நாங்கள் ஒருவரும் பதில் சொன்னதில்லை. அந்தத் தட்டு எங்களுக்கில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஆரைக் கூப்பிடுறீங்க அத்தான்?" என்று சீறிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒருத்தரையும் இல்ல புள்ள," என்றார்.

களுதாவளையிலிருந்து அவருடைய அண்ணன் வந்து, பிள்ளைகுட்டியும் இல்லை, இனி இங்கே என்ன, வா என்று கூப்பிட்டார். அத்தான் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டார். அம்மா இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அவருடைய கோப்பையில் சோறு இருந்தது.

சண்டை திரும்பத் தொடங்கியது. இயக்கம் இருந்த குடும்பிமலைப் பக்கமாக ஷெல் அடிக்கிற சத்தம் ஆற்றுக்கு மேலால் வரும், கூண்டுக் கண்ணாடி அதிரும். அத்தான் தன் வரிகளைக் கடதாசியில் அச்சடித்து, பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். நடந்துகொண்டு படிக்க வசதி என்பதுதான் காரணம். அப்படி ஒருநாள் கடையைச் சோதனை போட வந்த படையினரின் கையில் அந்தக் கடதாசிகள் அகப்பட்டன.

அவர்களோடு வந்த தமிழாள் ஒருவன் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னான். அதில் என்ன இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பு வரும். கேர்னலை உயர்ந்த நினைவகத்துக்கு மாற்று, பிறகு பாதுகாப்பு நிலைக்குத் தாவு. மெசின் எழும்பும்போது நடக்கிற வழக்கமான சங்கதி. அவன் அதை இப்படிச் சொன்னான்: "கேணலை உயரமான இடத்துக்கு மாத்துறாங்க. பொறகு அவர் பாதுகாப்பான இடத்துக்குப் பாயுறார்."

"உயரமான இடம் எண்டா எது?" என்று அத்தானைக் கேட்டான். "குடும்பிமலையா?"

"அது கேணல் இல்ல தம்பி, கேர்னல். பருப்பு," என்றார் அத்தான்.

பருப்பு என்றதை அவன் நக்கல் என்று எடுத்துக்கொண்டான். அத்தானைக் கன்னத்தில் அடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். பேக்கரிக்காரர் தட்டியை இழுத்துவிட்டார்.

அம்மாவும் நானும் முகாம் வாசலுக்குப் போய்ப் போய் நின்றோம். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்றார்கள். உள்ளே அவரிடம் என்ன கேட்டார்கள் என்று பிறகு அவர்தான் சொன்னார். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதானாம்: இந்த வேலை யாருக்கு? யாருக்காகச் செய்கிறாய்? ஊரெல்லாம் தான் கேட்டுத் திரிந்த கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் சொல்லக் கூடாத பதில் அதுதான்.

கடைசியில் நீ செய்த வேலையைக் காட்டு பார்ப்போம் என்று கடைக்கே கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது, ஒரு கண் திறக்கவில்லை. அவர்களின் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் காசு மேசைக்குப் பின்னால் நின்றேன்.

"எது நீ எழுதினது?" என்று தமிழாள் கேட்டான்.

"நான் எழுதல்ல. எடுத்தது."

"எடுத்தது எங்க?"

"எடுத்தா இரிக்காதே."

தமிழாள் இதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று திண்டாடினான். எடுத்துவிட்டதை எப்படிக் காட்டுவது? அத்தான் கொம்பியூட்டரைப் பழைய வரிகளோடு ஒருமுறை எழுப்பிக் காட்டினார். நிறுத்திவிட்டு, தான் துப்பரவாக்கிய வரிகளோடு இன்னொருமுறை எழுப்பிக் காட்டினார். இரண்டு முறையும் அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்துகள். பெரியவர் முன்னுக்குக் குனிந்து பார்த்தார். ஏதோ சொன்னார்.

"ஒரு வித்தியாசமும் இல்லையே எண்டுறார்," என்றான் தமிழாள்.

அத்தானின் வீங்கின முகம் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "ஓம் ஓம்! அதுதான் என்ட வேலை. ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது."

காசு யார் தருகிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றார். பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பிஸ்ஸு," என்றார். விசரன் என்ற அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. விசரன் என்றபடியால்தான் அவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய நடை கூடிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் பட்டிருப்புப் பாலம் வரைக்கும் போவார், வருவார், திரும்பப் போவார். அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, ஆளில்லாத வாசல்களைத் தட்டித் தட்டி ஒருநாள் எந்த வாசலில் போய் நிற்பாரோ என்று. ஈமெயிலில் வேறொரு சண்டை நடந்தது. அந்த ஆளில்லாத வாசலைத் தட்டுகிற வரி புதிய மெசின்களுக்கு இடைஞ்சலாம், எடுத்துவிட வேண்டுமாம். ஊரிலுள்ள தேவையில்லாத வரியையெல்லாம் எடுக்கச் சொன்ன மனிசன், இதை எடுக்கவேண்டாம் என்று கிழமைக்கணக்கில் வாதாடினார். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். தட்ட வேண்டியவர்கள் தட்டலாம், வேண்டாதவர்கள் விடலாம்.

"எடுக்கல்ல புள்ள," என்று வந்து சொன்னார். நான் திரும்பி நின்று பேரேட்டுத் தாள்களை அடுக்குகிறமாதிரி அடுக்கினேன். கண்ணைத் துடைக்க வேறு இடம் இருக்கவில்லை.

சண்டை முடிந்தது என்று படையினர் காவல் நிற்கிற சென்ரியில் வெடி கொளுத்தி, வீதியால் போனவர்களுக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். அத்தான் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்காமல் வர முடியாதே. மேசையில் வைத்தார். ஒருவரும் தொடவில்லை. வன்னியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் எங்கள் கூண்டுக்குள் நின்று, போகாத நம்பர்களுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒருவரையும் போதும் என்று சொல்லவில்லை.

அந்த வருசம்தான் எனக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை கல்குடாப் பக்கம், மீன்பிடிச் சங்கத்தில் வேலை. நல்ல மனிசன். ஊர் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அக்கா இல்லாதபடியால் வீடு எனக்கு. இருப்பது இரண்டு அறை. ஒன்றில் அம்மாவும் நானும், மற்றதில் அத்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச வந்தவர்கள் மட்டும் அறையை எட்டிப் பார்த்து, "இவர் ஆரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். செத்துப்போன பெண்ணின் புருசன் ஒரு வீட்டில் எந்த முறையில் இருக்கிறார் என்று சொல்ல எங்களிடம் சொல் இல்லை. அவருக்குப் போவதற்கு அண்ணன் வீட்டு விறாந்தை ஒன்றுதான் இருந்தது. என்னுடைய சந்தோசம் அவரை வெளியே தள்ளுகிறது என்று எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. ஆரோடு கோபம் என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் காலை அவர் தன் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினார். சட்டை, சாரம், சவர்க்காரப் பெட்டி. ஓட்டோ ஒன்றைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, தலையணை வைத்துக் கொம்பியூட்டரை ஏற்றினார். வந்த மாதிரியே. அக்காவின் தையல் மெசினைத் துடைத்து, "இது உனக்கு புள்ள," என்றார். முதல் தடவையாகக் கேட்காமல் சொன்னார்.

பிறகு பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் கேட்டாச்சு. இன்னும் ஒண்டுதான் மிச்சம் கிடக்கு," என்று தன் நெஞ்சைத் தொட்டார். பகிடிக்குச் சொல்லப் பார்த்தார், பகிடியாக வரவில்லை. "இது ஆருக்கு?"

நான் சொல்ல முடியாது. வரப்போகிற புருசனை வைத்துக்கொண்டு அக்காவின் புருசனை எனக்கு என்று எந்த வாயால் சொல்வது? வெளியே ஓட்டோக்காரன் ஹோனை அடித்தான்.

அம்மா அடுக்களைக்குள் இருந்து வந்தார். கை முழுக்கத் தேங்காய்ப்பூ.

"எனக்கு," என்றார். "இரிக்கட்டும்."

"மாமி... ஊர் என்ன சொல்லும்?"

"பல்லுப்போன திருவலைக்கே இந்த வீட்டில இடம் இரிக்கு. ஊரு வந்து எனக்குத் தேங்காய் திருவித் தருமா? புள்ளையும் புது மருமகனும் என்ட அறையில இரிக்கட்டும், நான் விறாந்தையில தையல் மெசினுக்குப் பக்கத்தில படுப்பன். நீங்க உங்கட அறையில இருங்க."

எனக்கு என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அது அவருடைய சட்டம்தானே. அவர் பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. கல்லுப்போல நின்றார்.

பிறகு படலைக்குப் போய் ஓட்டோவிலிருந்து கொம்பியூட்டரை இறக்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வாசலில் நின்றார். கை இரண்டும் சாமானில் இருந்தபடியால் முழங்கையால் நிலையைத் தட்டினார், இரண்டு தட்டு. வழக்கம்போல நின்றார். நானும் வழக்கம்போல மூச்சை அடக்கினேன்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கதவு திறந்துதான் கிடக்கு. வாங்க மகன்."